பாணனுக்குப் பெயர் கிடையாது

பலகையில் ஹலசூரு என்று எழுதியிருக்கிறது. அல்சூர்க்காரர்கள் அதை அல்சூர் என்றுதான் படிக்கிறார்கள். அங்கே மெட்ரோ ஏறினால் அடுத்தது டிரினிட்டி, அதற்கடுத்தது எம்.ஜி. ரோடு. இரண்டே நிறுத்தம். சனிக்கிழமை மாலையில் அந்த வண்டியில் நெருக்கியடித்து நிற்கும் இளைஞர்களில் நாலைந்து பேராவது கறுப்பு பனியன் அணிந்திருப்பார்கள். நெஞ்சில் மண்டை ஓடு, மின்னல், 'அயன் மெய்டன்', 'மெட்டாலிகா'. இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெங்களூருக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்ற பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். 2002-ல் ரோஜர் வாட்டர்ஸ். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ். 2005-ல் மார்க் நாப்ளர். 2007 மார்ச்சில் அயன் மெய்டன். 2011 அக்டோபரில் மெட்டாலிகா. நடந்த தேதியில் தொட்டில் பருவத்தில் இருந்த பையன்கள்கூட அரண்மனை மைதானத்தில் தூசி பறந்ததை நேரில் பார்த்த மாதிரி வர்ணிக்கிறார்கள்.

சரி, பெங்களூர்க்காரர் ஒரு கிட்டார் கலைஞர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் வண்டி எம்.ஜி. ரோடு வந்து சேரும் வரை யோசிப்பார்கள்.

நாட்டின் ராக் தலைநகரம் என்ற பட்டத்தை இந்த நகரம் நெடுநாளாகச் சூடிக்கொண்டிருக்கிறது. பட்டம் கிடைத்தது பெரும்பாலும் கேட்டதற்காக. வாசித்ததற்காகக் கிடைத்த பங்கு குறைவு. வாசித்தவர்கள் இல்லாமலா போனார்கள்? ஐம்பது வருடங்களுக்கு மேலாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் விசித்திரம் என்னவென்றால், அவர்களில் சிலருடைய பெயரை அல்சூரில் விசாரிப்பதைவிட ஜெர்மனியில் விசாரித்தால் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

1970களின் தொடக்கத்தில் 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்றொரு குழு இருந்தது. சென்னையில் பிறந்த ஷோத்தம் சகோதரர்கள் அதன் முதுகெலும்பு. சுரேஷ் கிட்டார், ரமேஷ் டிரம்ஸ். பிற்பாடு ராதா தாமஸ் என்ற பாடகியும் சேர்ந்துகொண்டார். பெங்களூரை மையமாக வைத்து நாடு முழுக்கச் சுற்றிய குழு. இன்று அறுபதைத் தாண்டிய, அந்நாளில் கல்லூரியில் முடி வளர்த்துத் திரிந்த மனிதர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலரும். அதற்கடுத்த தலைமுறைக்கு எதுவும் தெரியாது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் மின்சார கிட்டார் வாசிப்பது என்பது முக்கால்வாசி தளவாடப் பிரச்சினை. இறக்குமதிக்குக் கெடுபிடி. வெளிநாட்டுக் கிட்டார் வேண்டுமானால் கப்பலில் வேலை பார்க்கும் மாமாவோ, ஊர் திரும்பும் ஹிப்பியோ மனது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்கத்தாவில் தயாரான 'கிவ்சன்' கிட்டார். அமெரிக்க 'கிப்சன்' பெயரில் ஓர் எழுத்தைத் திருத்திக்கொண்ட உள்ளூர் சரக்கு. கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி கிடைப்பதற்குள் அடுத்த நிகழ்ச்சியே போய்விடும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியை ஆம்ப்ளிஃபயராக்கி, வேண்டுமென்றே அதிகம் திருப்பி, ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கரகரப்பைக் கொண்டுவர முயன்றவர்கள் ஏராளம். வெளிநாட்டுப் பாட்டின் இசைக்குறிப்பு கைக்கு வராது. ரேடியோ சிலோனிலோ, கடன் வாங்கிய இசைத்தட்டிலோ காதால் கேட்டுக் கேட்டுத்தான் விரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து இசைத்தட்டைத் தேய்த்தே பாடம் படித்த தலைமுறை அது.

இசைத்தட்டு வெளியிடுவதோ இன்னும் எட்டாக் கனி. கிராமஃபோன் கம்பெனியின் கதவு சினிமாவுக்குத் திறக்கும், சாஸ்திரீய சங்கீதத்துக்குத் திறக்கும், பக்திக்கு விரியத் திறக்கும். ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு எழுதும் நாலு இளைஞர்களுக்கு எப்போதாவது இடுக்கு விடும். அந்த இடுக்கைத் திறந்து வைத்தது ஒரு சிகரெட். 'சிம்லா' சிகரெட்டை விற்க இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி 'சிம்லா பீட்' என்ற போட்டியை நடத்தியது. 1970, 1971 போட்டிகளில் தேறிய குழுக்களின் பாட்டுகள் இரண்டு இசைத்தட்டுகளாக வந்தன. இன்று ஐரோப்பாவில் பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். அந்நாளைய இந்திய ராக் எப்படி ஒலித்தது என்று தெரிந்துகொள்ள, இந்த விளம்பரத்தை விட்டால் கையில் கிடைக்கும் சான்று சொற்பம். பீடி சிகரெட்டுக்கு இசை பட்டிருக்கும் கடனைப் பற்றி யாராவது ஆராய்ச்சிப் பட்டம் வாங்கலாம்.

இனி ரமேஷ் ஷோத்தமின் கதை. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த இந்த ராக் இளைஞர் ஒரு கட்டத்தில் குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டு, பெங்களூரின் 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன்' படியேறினார். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய தாள வாத்தியப் பள்ளி அது. அங்கே ரமேஷ் கற்றுக்கொண்டவற்றில் கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் இருந்ததில் வியப்பில்லை. தவிலும் இருந்ததுதான் விசேஷம். கோயில் மண்டபத்தையும் கல்யாணப் பந்தலையும் தாண்டாத வாத்தியம். அதைச் சபாவில் உட்காரவைப்பதற்கே நம்மவர்கள் தயங்கிய காலம். அதை ஒரு ராக் டிரம்மர் வலிந்து போய்க் கற்றார்.

இதே சமயத்தில் மியூனிக்கிலிருந்து ஒரு பஸ் கிளம்பியது. 'எம்ப்ரியோ' என்ற ஜெர்மன் ராக் குழு, குடும்பம் குட்டிகளோடு 1978-79-ல் தரைவழியாக ஆப்கானிஸ்தானைக் கடந்து இந்தியா வந்தது. வழியெல்லாம் உள்ளூர்க் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிப்பதுதான் பயணத்தின் நோக்கம். வெர்னர் பென்ட்ஸல் அதைப் படமாகவே எடுத்தார். அந்தத் தொடர்பில் விளைந்தவை சில அபூர்வமான இசைத்தட்டுகள். எம்ப்ரியோவும் டி.ஏ.எஸ். மணியின் பள்ளியும் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்த 'லைஃப்' (1980). எம்ப்ரியோவிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய 'டிஸ்ஸிடென்டன்' குழு அதே பள்ளியோடு சேர்ந்து வெளியிட்ட 'ஜெர்மானிஸ்தான்' (1982). பிறகு மியூனிக்கின் பேர்பெற்ற ஈ.சி.எம். நிறுவனம் 1983-ல் பதிவு செய்த 'ஜோதி'. இதில் மரியானோவோடு மணியின் மனைவி ஆர்.ஏ. ரமாமணியின் குரல். நாதஸ்வரம் கற்றுக்கொண்ட சாக்ஸஃபோன்காரருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ரமாமணி ஸ்வரத்தில் ஏறும் இடங்களில் அவர் ஒதுங்கி நின்று வழிவிடுவதைக் கேட்டால் புரியும்.

ரமேஷ் ஷோத்தம் ஐரோப்பாவுக்கே போய்விட்டார். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறி, ஜாஸ் உலகத்தில் தவிலையும் கடத்தையும் தட்டி ஒரு தனி இடம் பிடித்தார். லெபனானில் பிறந்த ஊத் கலைஞர் ரபீ அபூ கலீலின் இசைத்தட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது. சொந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர் 'மெட்ராஸ் ஸ்பெஷல்'. ராதா தாமஸ் நியூயார்க்குக்குப் போய் ஜாஸ் பாடினார். பல வருடம் கழித்து பெங்களூர் திரும்பி இங்கே ஒரு ஜாஸ் குழுவை நடத்தினார்.

ராக் குழுவில் பாடியவருக்கும் தாளம் போட்டவருக்கும் இப்படி வேறு உலகங்கள் வாய்த்தன. நடுவே நின்று கிட்டார் வாசித்த சுரேஷைப் பற்றி அச்சில் கிடைப்பது வெகு குறைவு. ஹ்யூமன் பாண்டேஜைக் கேட்டவர்கள் முதலில் பேசுவது அவர் கிட்டாரைப் பற்றித்தான் என்பதை நினைத்தால், இது பெரிய பள்ளம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பள்ளம் பழக்கமானது. பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் பாணர்களின் பெயரிலேயே இருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் நத்தத்தனார், பாடப்பட்டவன் நல்லியக்கோடன். பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் உருத்திரங்கண்ணனார், பாடப்பட்டவன் இளந்திரையன். புலவன் பெயர் இருக்கிறது, கொடுத்தவன் பெயர் இருக்கிறது. யாழைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தவனுக்கு மட்டும் பெயர் இல்லை. அவன் வெறும் பாணன். யாழின் வடிவத்தை அங்கம் அங்கமாக வர்ணிக்கும் இலக்கியம் அதை மீட்டிய விரலுக்குரியவனின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் ஆற்றுப்படை என்பதே ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்கு, அந்த ஊருக்குப் போ, அங்கே மதிப்பார்கள் என்று வழிகாட்டும் ஏற்பாடு. பெங்களூரில் அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. எந்த இடத்தில் சம்பளம் ஒழுங்காக வரும், எங்கே சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும் என்பதை வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பிழைக்கிறார்கள்.

அல்சூருக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஏரிக்கரையை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பழைய பெயரால் அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம். இன்னொரு பக்கம் தமிழ்ச் சங்கம். சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றிய சந்துகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து தங்கிய தமிழர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், தேவாலயங்கள், பேண்டு வாத்தியம் எல்லாம் சேர்ந்து கண்டோன்மென்ட் என்ற கலவையை உண்டாக்கின. 1947 வரை மைசூர் அரசின் ஆட்சிக்கு வெளியே இருந்த பகுதி இது. நகரத்தின் மற்ற பாதியில் ராம நவமி கச்சேரி நடந்தபோது இங்கே நடன அரங்குகளில் டிரம்பெட் ஊதினார்கள். கிட்டார் இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு அந்நியப் பொருளாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் சனிக்கிழமை நடனத்துக்கும் ஒரே கிட்டார் போய்வந்தது.

ஆனால் இந்தத் தெருக்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குள் கேட்ட ராக், ஆங்கிலத்தில் வரவில்லை. சினிமாப் பாட்டுக்குள் ஒளிந்து வந்தது. 1980களில் அல்சூர் டீக்கடையில் ஓடிய கேசட்டில் இருந்த பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் தனியே பிரித்து எடுத்துப் போட்டால், பாதி, லண்டனிலிருந்து வந்த சரக்கு என்றே சொல்லலாம். இளையராஜாவே கிட்டாரில் வளர்ந்தவர். கன்னடப் படவுலகின் பெரிய இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், சலில் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவர் இசையமைப்பாளரான பிறகு அவருக்கு கிட்டார் வாசித்தவர்கள் யார்?

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா' பாட்டை எஸ்.பி.பி. வாய் திறக்கும் முன்பே, கிட்டார் தந்திகள் பிரிந்து விழும் அந்த முதல் சில நொடிகளிலேயே எந்தத் தமிழரும் அடையாளம் சொல்லிவிடுவார். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். இதே குழுவில் சதானந்தம் இருந்தார். ஏவி.எம்.மின் இசையமைப்பாளர் ஆர். சுதர்சனத்தின் மகன். பேஸ் கிட்டாருக்கு சசிதரன். பத்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டின் காலை, மாலை, பஸ் பயணம், கல்யாண ஊர்வலம் அனைத்துக்கும் இவர்கள் வாசித்திருக்கிறார்கள். கேசட் உறையில் நடிகர் படம் இருக்கும், தயாரிப்பாளர் பெயர் இருக்கும், இசைத்தட்டுக் கம்பெனியின் முகவரிகூட இருக்கும். இவர்கள் பெயர் இருக்காது. 1990களில் ஏ.ஆர். ரஹ்மான் தன் கேசட்டுகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயரை அச்சிடத் தொடங்கியபோதுதான், கீத் பீட்டர்ஸ் என்றொருவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார் என்பது வெளியே தெரிந்தது. பொடி எழுத்துதான். அதுவே புரட்சி.

இதில் பத்திரிகைகளையும் சேர்த்தே குற்றம் சொல்ல வேண்டும். பெங்களூர் ராக்கைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. கல்கத்தாவின் 'ஜே.எஸ்.' போன்றவை 1970களிலேயே எழுதின. கன்னடப் பத்திரிகைகளுக்கு அது கண்டோன்மென்ட் பையன்களின் கூத்து. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அது கர்நாடகத்துச் செய்தி. ரமேஷ் ஷோத்தம் தவில் கற்ற கதை தமிழில் எழுதப்பட வேண்டிய கதை. தவிலுக்கு வந்த ஒரே ராக் மாணவர் அவராகத்தான் இருக்கக்கூடும் என்ற ஆச்சரியம்கூட நம்மைத் தொடவில்லை. விமர்சனம் எழுதச் சொற்களும் இல்லை. 'ரிஃப்' என்பதற்குத் தமிழ் என்ன? திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்கும் சிறு சொற்கட்டு என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. கர்நாடக சங்கீத விமர்சனத்துக்கு நூறு வருடமாக ஒரு மொழி உருவானது. ராக்குக்கு 'காதைப் பிளக்கும்' என்ற ஒரே ஒரு பெயரடை உருவானது.

மறதிக்கு இன்னொரு வழியும் உண்டு: வேறொரு காரணத்துக்காக நினைவில் இருப்பது. கொனாரக் ரெட்டி என்ற பெங்களூர் கிட்டார் கலைஞரைப் பற்றிப் பேச்சு எடுத்தால், நெருக்கடி நிலையில் சிறை வைக்கப்பட்டு 1977 ஜனவரியில் விடுதலையான சில நாட்களில் இறந்த நடிகை ஸ்நேகலதா ரெட்டியின் மகன்தானே என்பார்கள். 'சம்ஸ்காரா' எடுத்த பட்டாபிராம ரெட்டியின் மகன்தானே என்பார்கள். இரண்டும் சரி. கிட்டாரைப் பற்றிய கேள்வி அதோடு முடிந்துவிடும்.

1996-ல் கிறைஸ்ட் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. மூன்று மலையாளிகள், இன்னொரு கால் மலையாளி. ஆங்கிலத்தில் 'த்ரீ மல்' என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தால் விளங்கும். கிட்டாரும் பாட்டும் புரூஸ் லீ மணி, டிரம்ஸ் ராஜீவ் ராஜகோபால். பேஸ் வாசிப்பவர்கள் மாறிக்கொண்டிருந்தாலும் இந்த இருவரும் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்து நின்றார்கள். 2000-ல் முதல் ஆல்பம். குழுவின் இணையதள முகவரியையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். இந்தியாவில் பாதிப் பேருக்கு இணையம் என்றால் என்னவென்று தெரியாத வருடம். 2002-ல் 'ஜூபிடர் கஃபே'. 2012-ல் ஆட்டோ ரிக்‌ஷாவை மையமாக வைத்து மூன்று தட்டுகள் கொண்ட '3 வீல்ஸ் 9 லைவ்ஸ்'. பெங்களூர் ஆட்டோவில் மீட்டருக்கு மேல் கொடுத்துப் பழகியவர்களுக்கு அந்த விஷயத்தில் மூன்று தட்டு அதிகமாகத் தெரியாது.

புரூஸ் லீ மணியின் வாசிப்பில் வேகம் காட்டும் ஆசை குறைவு. மூன்றே பேர் கொண்ட குழுவில் கிட்டார்தான் சுருதியும் பக்கவாத்தியமும் தனி ஆவர்த்தனமும் எல்லாமாக இருக்க வேண்டும். வாய் ஒரு தாளத்தில் பாட, விரல் வேறொரு கணக்கில் நடக்க, ஜாஸிலிருந்து எடுத்த சிக்கலான ஸ்வரக் கூட்டுகள் நடுவே வந்து போகும். கேட்பவருக்கு அது சுலபமாக இருப்பது போலத் தோன்றும். அதனாலேயே அவருக்கு நஷ்டம். மேடையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, கிட்டாரைப் பல்லால் கடிப்பவருக்குக் கிடைக்கும் கைத்தட்டல், சுலபமாக்கிக் காட்டுபவருக்குக் கிடைப்பதில்லை. வாசிப்பால் மட்டும் வாழ முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'டாக்கடமி' என்ற இசைப் பள்ளியை நிறுவிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சொந்தப் பாட்டு என்பதுதான் இந்த நகரத்தில் வம்பு. பெங்களூர் மதுக்கூடங்களில் வாசிக்கப் போகும் குழுவிடம் எதிர்பார்க்கப்படுவது 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', அதற்கப்புறம் மறுபடியும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. எவ்வளவுக்கெவ்வளவு அசலைப் போலவே இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு பாராட்டு. சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் சிறுநீர் கழிக்க எழுந்து போகும். நகலெடுக்கும் திறமையை மட்டும் கொண்டாடிய ஊரில், எழுதத் தெரிந்தவன் எழுதுவதை நிறுத்திவிடுவது புத்திசாலித்தனமான முடிவு. அப்படி நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வழியில்லை. அவர்கள் இன்று வங்கியிலும் மென்பொருள் கம்பெனியிலும் இருக்கிறார்கள்.

போதாததற்குச் சட்டம் வேறு. பெங்களூரில் 'லைவ் பேண்ட்' என்ற சொல்லுக்கு வெளியூர்க்காரர்கள் நினைக்கும் பொருள் கிடையாது. பெண்கள் ஆடும் மதுக்கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். அவற்றைக் கட்டுப்படுத்த 2005-ல் ஓர் உரிம ஆணை வந்தது. பொதுக் கேளிக்கை நடக்கும் இடத்துக்குப் போலீஸ் உரிமம் கட்டாயம் என்றது. ஆடுபவரைப் பிடிக்க விரித்த வலையில் கிட்டார்காரர்களும் சிக்கினார்கள். 2008-ல் மதுக்கூடங்களில் நேரடி இசைக்கு எதிராகப் போலீஸ் கெடுபிடி காட்டியது. 2018 ஜனவரியில் அந்த ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வருட நடுவில் பல உணவகங்கள் உரிமச் சிக்கலுக்கு அஞ்சி நேரடி இசையை நிறுத்தின. ஒலிப்பதிவு செய்த பாட்டைப் போட்டுக்கொண்டு பிழைப்பது அவர்களுக்கு எளிது. வாரம் மூன்று மாலை வாசித்து வீட்டு வாடகை கட்டியவர்களுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

ஜெர்மனி என்று தொடக்கத்தில் சொன்னது ரமேஷ் ஷோத்தமை மட்டும் நினைத்து இல்லை. 1998-ல் பெங்களூரில் 'கிரிப்டோஸ்' என்ற ஹெவி மெட்டல் குழு தொடங்கியது. பாட்டும் ஒரு கிட்டாரும் நோலன் லூயிஸ். இன்னொரு கிட்டார் பிற்பாடு ரோஹித் சதுர்வேதி. 2004-ல் 'ஸ்பைரல் அசென்ட்', 2008-ல் 'தி ஆர்க் ஆஃப் ஜெமினி'. 2010-ல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம். 2012-ல் 'தி காயில்ஸ் ஆஃப் அப்போலியான்' ஆல்பத்தை ஜெர்மனியின் ஏ.எஃப்.எம். நிறுவனம் வெளியிட்டது. 2013-ல் வாக்கன் மேடை.

வாக்கன் என்பது வடக்கு ஜெர்மனியில் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கிராமம். ஆகஸ்ட் மாதத்தில் அதன் வயல்களில் எழுபது, எண்பதாயிரம் பேர் கூடாரம் அடிப்பார்கள். மெட்டல் இசைக்கு அது திருவிழா. மழை பெய்து சேறானால் சேற்றிலேயே உற்சவம். அந்த மேடையில் ஏறிய பெங்களூர்க்காரர்கள் திரும்பி வந்து, தங்கள் ஊர் விமான நிலையத்தில் யாரும் அடையாளம் காணாமல் பெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகும் நிறுத்தவில்லை. 2016, 2019, 2021, 2024 என்று ஆல்பங்கள் வந்துகொண்டே இருந்தன.

கிரிப்டோஸின் அழகு இரட்டைக் கிட்டாரில். நமக்கு இரட்டை நாதஸ்வரம் தெரியும். இருவரும் ஒரே ஸ்வரத்தில் ஒட்டி நடப்பார்கள், ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தாங்குவார். இங்கே இரு கிட்டார்களும் ஒரே மெட்டை இரண்டு ஸ்வரம் இடைவெளி விட்டு வாசிக்கின்றன. இரண்டு தண்டவாளம் போல, பிரியாமல், சேராமல். 1970களில் 'தின் லிஸ்ஸி'யும் பிறகு 'அயன் மெய்டனு'ம் வளர்த்த முறை. அந்த அயன் மெய்டனுக்காக அரண்மனை மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திய ஊர், அதே முறையில் வாசிக்கும் உள்ளூர்க்காரர்களை மதுக்கூட மூலையில் நின்றுகூடக் கேட்கவில்லை என்பது ரசனைக் குறைவால் வந்த வினை இல்லை. ரசனை இருக்கிறது. அயலூர் முத்திரை இல்லாததை ரசிக்கத் தைரியம் இல்லை.

இந்த நோய் பெங்களூருக்கு மட்டுமே உரியது என்று சொல்ல முடியாது. அயர்லாந்தின் ரோரி கேலகர், ஹெண்ட்ரிக்ஸுக்கும் கிளாப்டனுக்கும் சமமாக வைக்கப்பட வேண்டியவர் என்று கிட்டார்காரர்கள் சத்தியம் செய்வார்கள். மற்றவர்களுக்குப் பெயர் தெரியாது. 1995-ல் 47 வயதில் இறந்தார். 1963-ல் கார்க் நகரத்துக் கடையில் நூறு பவுண்டுக்குக் கடனில் வாங்கிய ஒரே கிட்டாரை, வியர்வையில் பெயிண்ட் உரிந்து மரம் தெரியும் வரை ஆயுள் முழுக்க வாசித்தவர். ஆனால் அவர் பிறந்த சின்ன ஊரான பாலிஷானனில் 2010-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள், கையில் கிட்டாரோடு. 2024 அக்டோபரில் அந்தக் கிட்டார் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஒன்பது லட்சம் பவுண்டுக்கு ஏலம் எடுக்கப்பட்டு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சிலை என்றதும் அல்சூர் ஏரிக்கரை நினைவுக்கு வரும். 1991-லேயே நிறுவப்பட்ட திருவள்ளுவர், சாக்குத் துணிக்குள் பதினெட்டு வருடம் காத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். வள்ளுவருக்கே அந்த கதி என்றால் கிட்டார்காரருக்குச் சிலை கேட்பது பேராசை. ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த இந்திய இசை அருங்காட்சியகம் இருக்கிறது. 1970களின் பெங்களூர்க் குழுக்களின் கிட்டார்கள், உள்ளூரில் பற்றவைத்த ஆம்ப்ளிஃபயர்கள், வீட்டு அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும் ஒத்திகை நாடாக்கள் அங்கே போய்ச் சேருவதற்கு ஏலம் எதுவும் தேவையில்லை. யாராவது கேட்டு வாங்க வேண்டும். காந்த நாடாவுக்கு ஆயுள் அதிகம் இல்லை. அந்தக் குழுக்களில் வாசித்தவர்களுக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அல்சூரில் கோயில் திருவிழா என்றால் தெருமுனையில் ஆர்க்கெஸ்ட்ரா நடக்கும். தமிழும் கன்னடமும் மாறி மாறி வரும். இளையராஜா இல்லாமல் முடியாது. இரவு பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருக்கும். பாதி நிகழ்ச்சியில் தொகுப்பாளர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்து, தபேலாவில் இன்னார், கீபோர்டில் இன்னார், டிரம்ஸில் இன்னார் என்று ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார். பெரிய கேசட் கம்பெனிகள் செய்யாததை இந்தத் தெருமேடை நெடுநாளாக ஒழுங்காகச் செய்து வருகிறது. பெயர் சொல்லப்பட்டவர் அரை நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். கிட்டார்காரர் முறை வரும்போது அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு, 'இளைய நிலா'வின் முதல் தந்திகளைப் பிரித்து விடுவார். எதிரில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைத்தட்டல் எழும். தொகுப்பாளர் அடுத்த பாட்டை அறிவிப்பார்.